அமிர்தவல்லி மடியாக்கிய அச்சு

டங்... டங்... டங்... டங்டங்!

சமையலறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்ததும், கூடத்தில் உட்கார்ந்திருந்த எதிராஜவல்லி மாமி காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"உள்ளே ஈயம் பூசறவன் யாராவது வந்திருக்கானா?"

"ஐயோ, இல்லை மாமி!" என்றாள் அமிர்தவல்லி. "லதா அச்சு முறுக்கு பண்ணிண்டிருக்கா. அச்சைத் தட்டித்தானே பூவை உதிர்க்கணும்? எங்காத்துப் பழக்கம் அப்படி."

"பூ உதிர்றதுக்கா இத்தனை சத்தம்? செங்கல்பட்டு ஸ்டேஷன்ல இஞ்சின் மாத்தற மாதிரின்னா இருக்கு!"

அமிர்தவல்லி சிரித்தாள். கெட்ட சேதி வந்த தந்தியைப் படித்து இடுப்பில் செருகிக்கொண்டு விருந்தாளிக்காகச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. அச்சை ஒரு தட்டுத் தட்டினால் முறுக்கு எண்ணெயில் நழுவி விழவேண்டும். பிடிவாதக்கார முறுக்கானால் இரண்டு தட்டு. அதற்கு மேல் சத்தம் கேட்டால் உள்ளே பூ உதிரவில்லை என்று அர்த்தம். அந்தப் பூ உதிராவிட்டால் பெற்ற பெண்ணின் வாழ்க்கை உதிர்ந்துவிடும்!

எதிராஜவல்லி மாமி சாமானியப்பட்ட விருந்தாளி அல்ல. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த இடத்தில் இன்ஜினீயராக இருந்த சம்பத்தின் தாயார். முறைப்படி பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மார்கழி பிறந்துவிடுமே என்று, கார்த்திகைக் கடைசி வெள்ளிக்கிழமை திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்குத் தனியாக வந்திருந்தாள். பெண்ணைப் பார்க்க அல்ல. பெண் சுடும் முறுக்கைப் பார்க்க.

லதாவின் ஜாதகம் அதுவரை போன இடத்திலிருந்தெல்லாம் போன வேகத்திலேயே திரும்பி வந்துகொண்டிருந்தது. சம்பத்தின் ஜாதகம் ஒன்றுதான் பொருந்தியது. அதோடு, திருவிடந்தைக் கோயிலில் கல்யாணப் பிரார்த்தனைக்கு லதா மாலையும் கழுத்துமாகச் சுற்றி வந்தபோது, பின்னால் அதே பிரார்த்தனைக்காக மாலையோடு வந்த சம்பத், பூ மூக்கில் உரசி ஒரு தும்மல் தும்மினான். லதா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் யாராவது தும்மினால் அவள் முகம் சிவந்தது. பெற்றவளுக்குப் புரியாதா?

அமிர்தவல்லியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாகவேண்டும்.

சிலருக்கு நகைப் பைத்தியம், சிலருக்குப் புடவைப் பைத்தியம். அமிர்தவல்லிக்குப் பூ வடிவப் பைத்தியம். நிஜமான பூவில் அவளுக்கு அவ்வளவு அக்கறை இல்லை, அது தானாகவே பூவாக இருக்கிறதே! பூவாக இல்லாததைப் பிடித்து, நடுவில் ஒரு பொட்டும் சுற்றிலும் இதழுமாக விரிய வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் கையில் அகப்பட்ட கேரட் கேரட்டாகச் சாம்பாருக்குப் போனதில்லை. சாட்டின் ரிப்பனைச் சுருக்கித் தைத்து தலையணைக்கு ஒன்று, ரேடியோ உறைக்கு ஒன்று, லதாவின் ரவிக்கைக் கைக்கு இரண்டு என்று பூ வைத்தாள். லதா அந்த ரவிக்கையோடு டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனாள். நாடகத்தில் ராணி வேஷமா என்று யாரோ கேட்க, அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அமிர்தவல்லியின் கணவர் ஜானகிராமன் ஆபீஸில் ஹெட் கிளார்க் ஆன அன்று, விழாக்களில் தலைமை தாங்குபவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்வார்களே, அதே மாதிரி மூன்றடுக்குச் சிவப்பு ரிப்பன் பூ ஒன்றை வால் தொங்கச் செய்து சட்டையில் குத்தி அனுப்பினாள். மனுஷர் மறந்துபோய் அப்படியே ஆபீஸுக்குள் நுழைந்துவிட்டார். "என்ன சார், சந்தையில முதல் பரிசு உங்களுக்கா, உங்க வீட்டு எருமைக்கா?" என்று கேட்டானாம் பியூன். அந்த நல்ல மனிதர் வீட்டில் இதைச் சொல்லவேயில்லை. பேசினால் பதிலுக்குத் தலையில் எதையாவது பூவாகத் தைத்துவிடுவாள் என்ற பயம்.

கொளவாய் ஏரியில் மிதந்த ஆகாயத்தாமரை, பச்சை ரோஜா மாதிரி இருக்கிறதே என்று ஒரு அண்டா நிறைய அள்ளிவந்து வாசலில் வைத்தாள். தெருவே கொசுவலை வாங்கியது. மாமல்லபுரம் போனவள் கோயில் கோபுரத்தையோ கடலையோ ஏறிட்டுப் பார்க்கவில்லை. கரையில் குப்பம்மா விற்ற கிளிஞ்சல் கண்ணாடியைப் பார்த்தாள். சட்டம் முழுக்கச் சின்னச் சின்னச் சங்குகளை இதழ் இதழாய் ஒட்டிச் செய்த பூக்கள்! வாங்கிவந்து கூடத்தில் மாட்டினாள். நான்கு நாளில் வீடே நாறியது. அடுத்த வாரம் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மறுபடி மாமல்லபுரம்.

"என்னம்மா இது, நாத்தம் தாங்கலையே!"

"நாறாம இன்னா பண்ணும்? கடல்ல கீறது கடல் மாரிதான் நாறும். மல்லிப்பூ வாசனை வரும்னு நென்ச்சியா?" என்றாள் குப்பம்மா.

"இந்தச் சங்குக்குள்ளே ஏதோ இருக்கு!"

குப்பம்மா வாங்கி உற்றுப் பார்த்தாள். "அட, ஆமா மாமி, உள்ள ஆளு கீது. வூட்டைக் காலி பண்ணாம செத்துப் பூட்ச்சி பாவம். ரெண்டு நாள் வெயில்ல காய வையி, சரியாப் பூடும். இதுக்கா பஸ் ஏறி வந்துகினு கீறே?"

இப்படிப்பட்ட அமிர்தவல்லியிடம்தான், திருவிடந்தைக் கோயில் பிரகாரத்தில், எதிராஜவல்லி மாமி வாய்தவறிச் சொன்னாள்: "எங்க சம்பத்துக்கு அச்சு முறுக்குன்னா உசிர். எனக்கானா அது பூவா விரியவே மாட்டேங்கறது."

பூவா! அமிர்தவல்லிக்கு மெய் சிலிர்த்தது.

"அச்சு முறுக்கா? எங்காத்துல அது இல்லாத நாளே கிடையாது மாமி. லதா கண்ணை மூடிண்டு பண்ணுவா."

பக்கத்திலிருந்த லதா கண்ணை அகலத் திறந்து அம்மாவைப் பார்த்தாள். அந்த வீட்டில் அச்சு முறுக்கு செய்ய மாவும் கரைத்ததில்லை, அச்சும் இருந்ததில்லை.

அச்சு இருந்தது அடுத்த வீட்டில். கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் மார்கரெட் டீச்சர் குடியிருந்தாள். பத்து வருஷமாக அவள் கிறிஸ்துமஸுக்குச் சுடும் அச்சு முறுக்கின் வாசனை சுவரேறி வரும். தட்டும் ஏறி வரும். "எங்களுக்கு ஆகாது மார்கரெட்" என்று தட்டு அப்படியே திரும்பி இறங்கிப் போகும். டீச்சர் மாவில் முட்டை போடுகிறவள்.

வியாழக்கிழமை காலை அமிர்தவல்லி அந்தச் சுவரருகே போய் நின்று, குரலில் தேனைத் தடவிக்கொண்டு அச்சைக் கேட்டாள். டீச்சர் உடனே எடுத்துவந்து நீட்டினாள். நீளக் கம்பியின் நுனியில் இரும்புப் பூ. எண்ணெய் ஏறி ஏறிக் கன்னங்கரேலென்று, எருமைக்கன்றின் முதுகு போல மினுமினுத்தது.

"நாளைக்கு அஞ்சு மணிக்குத் திரும்ப வேணும் மாமி. சர்ச்சில பெண்கள் சங்கத்து விற்பனை இருக்கு, ஒரு டின்தான் போட்டு முடிச்சிருக்கேன். இன்னொண்ணு, இதைக் கழுவிடாதீங்க. துணியால தொடச்சு வெச்சாப் போதும்."

கழுவிடாதீங்க! முட்டை பட்ட இரும்பைக் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவதா? அமிர்தவல்லியின் மடி, ஆசாரம் எல்லாம் ஒன்றாகச் சிலிர்த்து எழுந்தன. அன்று பகல் முழுதும் அந்த அச்சு பட்ட பாட்டை எந்த மாமியாரிடமும் எந்த மருமகளும் பட்டிருக்கமாட்டாள். புளியில் ஊறியது. சாம்பலில் புரண்டது. சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதித்தது. செங்கல் பொடியால் இதழ் இதழாகத் தேய்பட்டது. கடைசியில் துளசி தீர்த்தம் தெளித்து வெயிலில் வைத்தபோது வெள்ளிப் பாத்திரம் மாதிரி பளீரென்று இருந்தது. இனி இது மடி அச்சு!

முட்டைதான் போயிற்று என்று அவள் நினைத்தாள். பத்து வருஷத்து எண்ணெயும் போயிற்று. அந்த எண்ணெய் இல்லாத இரும்பில் மாவு பட்டால், போன ஜென்மத்து உறவு மாதிரி கட்டிப் பிடித்துக்கொள்ளும், விடவே விடாது.

டங்டங்டங்!

"இதோ வந்துட்டேன் மாமி" என்று அமிர்தவல்லி உள்ளே ஓடினாள்.

லதா முகமெல்லாம் மாவாக நின்றிருந்தாள். வாணலியில் கறுத்த கட்டிகள் மிதந்தன. அச்சின் இதழிடுக்கெல்லாம் மாவு அப்பிக் கிடந்தது. கத்தியால் நெம்பியதில் வந்த சில்லுகள் ஒரு தட்டில், கூரை இடிந்த வீட்டு ஓடு போல.

"ஒண்ணுகூட விழலைம்மா. டீச்சர்தான் கழுவாதேன்னாளாமே?"

"மெதுவாப் பேசுடி! இப்ப என் மேல பழியா? உன்னைப் பெத்த வயிறு பத்தி எரியறது!"

வயிறு எரிந்தாலும் மூளை வேலை செய்தது. அமிர்தவல்லி கொல்லைக் கதவைத் திறந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மார்கரெட் டீச்சர் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மார்கரெட், நேத்து ஒரு டின் போட்டு வெச்சிருக்கேன்னியே, அதுல ஒரு தட்டு குடு. லதா கல்யாண விஷயம். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதே."

"மாமி, அதுல முட்டை போட்டிருக்கு."

"எனக்குக் காது கேக்கலை."

"முட்டை மாமி, முட்டை!"

"ஏன் கத்தறே? உள்ளே விருந்தாளி இருக்கா!"

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் டின்னையே எடுத்துவந்து சுவர் மேல் வைத்தாள். "லதாவுக்குன்னா டின்னோட எடுத்துக்குங்க. அச்சை மட்டும் அஞ்சு மணிக்குக் குடுத்துடுங்க. மாவு கரைச்சு வெச்சுட்டேன்."

"அம்மா, வேண்டாம்மா" என்றாள் லதா. "அவாளுக்குத் தெரியாம முட்டையை..."

"உனக்குக் கல்யாணம் முக்கியமா, கோழி முக்கியமா?" என்று பல்லைக் கடித்தாள் அமிர்தவல்லி. கொல்லைக் கதவைத் தாழ்போட்டாள். தட்டில் முறுக்குகளைப் பெரிய பூவாக அடுக்கினாள். அந்த ஆபத்திலும் அது மட்டும் கை மறக்கவில்லை.

எதிராஜவல்லி மாமி ஒன்றை எடுத்தாள். விண்டாள். கரக். முகம் மலர்ந்தது. இரண்டாவதை விள்ளாமலே வாயில் போட்டாள். மூன்றாவது, நான்காவது...

"அடாடாடா! இதுவல்லவோ முறுக்கு! நாக்குல வெச்சா கரையறது. நீங்களும் எடுத்துக்கோங்கோ."

"எனக்கு இன்னிக்கு விரதம் மாமி."

"இப்பத்தானே என்னோட காப்பி குடிச்சேள்?"

"காப்பி விரதத்துல சேர்த்தியில்லை."

தட்டு காலியானதும் மாமி விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்குப் பரம திருப்தி. வர தைல முகூர்த்தம் பார்த்துடலாம். ஒண்ணே ஒண்ணு கேப்பேன். இது ராசியான அச்சு. பொண்ணோட இந்த அச்சும் எங்காத்துக்கு வந்துடணும்."

அமிர்தவல்லிக்குக் கண்ணீர் பொங்கியது. வாய்வார்த்தை காற்றோடு போய்விடும். கையில் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு படி இறங்கிவிட்டால் சம்பந்தி மாறமுடியுமா? டீச்சருக்கு மூர் மார்க்கெட்டில் வேறு வாங்கிக் கொடுத்துவிட்டால் போகிறது.

"வரும்போது என்ன மாமி? பொண்ணையே குடுக்கறவ இரும்புக்கா யோசிப்பேன்? இப்பவே எடுத்துண்டு போங்கோ!"

அச்சை அவசரமாகச் சுரண்டித் துடைத்து, கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பன் பூவைக் கட்டி, மாமியின் பையில் செருகினாள். லதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் பார்வை அதை அடைத்தது. மாமி எழுந்தாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசல் கதவு தட்டப்பட்டது.

மார்கரெட் டீச்சர் நின்றிருந்தாள். பத்து வருஷத்தில் அந்த வீட்டு வாசல்பக்கம் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"கொல்லையில ரொம்ப நேரமாக் கூப்பிட்டேன் மாமி, கதவு சாத்தியிருந்தது. மணி அஞ்சு ஆச்சு. அச்சு..."

அவள் பார்வை பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் போய் நின்றது. ரிப்பன் பூவை வைத்து மறைக்கிற அளவுக்குக் கம்பி குட்டையாக இல்லை.

அமிர்தவல்லியின் நெஞ்சில் ஆயிரம் இடி ஒன்றாக இறங்கியது. ஆனால் நாக்கு மட்டும் அசராமல் நின்றது.

"எந்த அச்சு மார்கரெட்? நீ எப்போ எனக்கு அச்சு குடுத்தே? வேற யாராத்துலயோ குடுத்துட்டு இங்கே வந்து கேக்கறயே!"

டீச்சர் முகம் வெளுத்தது. உள்ளே நிற்கும் லதாவைப் பார்த்தாள். மாவு கரைத்து வைத்திருக்கிறாள், சங்கத்து விற்பனை இருக்கிறது, இருந்தும் அந்தப் பெண்ணுக்காக அப்படியே திரும்பி ஒரு படி இறங்கினாள்.

அந்த ஒரு படியை லதாவால் தாங்க முடியவில்லை. தும்மல், மாலை, சம்பத் எல்லாம் கண்முன்னே வந்து போயின. போகட்டும்!

"டீச்சர், நில்லுங்கோ. மாமி, அந்த அச்சு இவாளோடது. எங்காத்துல அச்சே கிடையாது. எனக்கு முறுக்கு பண்ணத் தெரியாது. நீங்க சாப்பிட்டதும் இவா பண்ணினதுதான். முட்டை போட்டது."

கூடத்தில் கிளிஞ்சல் கண்ணாடி ஒன்றுதான் மூச்சுவிட்டது. அதன் வாடை அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"முட்டையா?" என்றாள் எதிராஜவல்லி மாமி. முகம் சிவந்து, கறுத்து, மறுபடி சிவந்தது. தட்டு முழுக்கக் காலி செய்தவள் வேறென்ன சொல்வாள்? "இருக்கவே இருக்காது! முட்டை போட்டா ஒரு வாடை வருமே, எனக்குத் தெரியாதா? கேக்குலகூட வருமே! எத்தனை ஏலக்காய் தட்டிப் போட்டாலும் அமுங்காதே!"

தான் சொன்னதை மாமி தானே திரும்பக் கேட்டுப் பார்த்தவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலக்காய்க்கு அமுங்காதுதான் மாமி" என்றாள் மார்கரெட் டீச்சர், மிக மரியாதையாக. "வெனிலா ஊத்தினா அமுங்கிடும்."

பிறகு அவள் பையிலிருந்து அச்சை உருவினாள். வெள்ளையாகப் பல்லிளித்த இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கழுவாதீங்கன்னுதானே சொன்னேன். இனி இதை எண்ணெயில போட்டுப் பழக்கறதுக்குள்ள விற்பனை முடிஞ்சுடும்." கம்பியில் கட்டியிருந்த ரிப்பன் பூவை அவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். "பூ உங்களோடது மாமி. அச்சுதான் என்னோடது."

அவள் படியிறங்கிப் போனாள். அமிர்தவல்லி சுவரோரம் சரிந்து உட்கார்ந்து தலைப்பால் வாயைப் பொத்தி விம்மினாள். எல்லாம் போயிற்று! கல்யாணம் போயிற்று, மானம் போயிற்று!

எதிராஜவல்லி மாமி அவளைக் கவனிக்கவே இல்லை. லதாவைத்தான் மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏண்டி பொண்ணே, உனக்குப் பொய் சொல்ல வராதா?"

"வராது மாமி."

"ம்... எங்காத்துக்கு வந்தா கொஞ்சம் கத்துக்க வேண்டியிருக்கும். உன் மாமனாருக்குத் தெரியாம சம்பத்துக்கு ஞாயித்துக்கிழமை காலம்பற ஒண்ணு பண்ணிப் போடணும். டாக்டர் சொல்லியிருக்கார், உடம்புக்கு. ஜன்னலைத் திறந்து வெச்சு ஊதுவத்தி ஏத்திடுவேன், போறும்."

அமிர்தவல்லியின் விம்மல் பாதியில் நின்றது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மாமி சமையலறைக்குள் போய் டீச்சரின் டின்னை எடுத்துவந்து குலுக்கிப் பார்த்தாள். உள்ளே இன்னும் பாதி இருந்தது. "இதை சம்பத்துக்கு எடுத்துண்டு போறேன்."

"பேஷா!" என்ற அமிர்தவல்லி, கை பழக்கத்தில், டின் மூடியில் அந்த ரிப்பன் பூவை ஒட்டவைத்தாள்.

"கல்யாணத்துச் சீர் முறுக்கையும் அந்த டீச்சர்கிட்டயே சொல்லிடுங்கோ" என்றாள் மாமி, குரலைத் தாழ்த்தி. "நம்ம மனுஷாகிட்ட நீங்க மடியாப் பண்ணினதுன்னே சொல்லிக்கலாம்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்."

லதா இருவரையும் பார்த்தாள். சமையலறைக்குப் போய், கறுத்துப்போன எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

வாசல்படி வரை போன எதிராஜவல்லி மாமி நின்றாள். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். அமிர்தவல்லியின் காதருகே குனிந்தாள்.

"அந்த வெனிலா... எத்தனை சொட்டுன்னு கேட்டு வெய்யுங்கோ."

டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு மாமி பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். மூடியில் சிவப்புப் பூவின் வால் காற்றில் ஆடியது. அது தெருமுனையில் மறையும்வரை பார்த்திருந்துவிட்டு அமிர்தவல்லி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.